பக்கவாதம்: நாம் வீட்டிலேயே தொலைத்துவிடும் நேரம்





சென்ற ஆண்டு மார்கழி மாதத்தில் ஒரு பஜ்ர் வேளை. பெருங்களத்தூரில் நாம் தொழும் பள்ளிவாசலில் ஜமாஅத் முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். முதல் ஸஃபில் வழக்கமாக அமரும் பெரியவர் ஒருவர் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருந்தார். மணி அவருடைய வலக்கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தோம். மீண்டும் விழுந்தது. தூக்கக் கலக்கம் என்று எண்ணினோம். எழுந்து நடந்தபோது வலது கால் தரையை உரசியது. முதுமை என்று எண்ணினோம். இருவர் கைத்தாங்கலாகப் பிடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

சிறிது நேரத்தில் அவருடைய மகன் ஓடி வந்தார். "ஹஜ்ரத், அத்தாவுக்கு வாய் ஒரு மாதிரி இழுத்துக்கிட்டு இருக்கு. கொஞ்சம் வந்து ஓதிப் பாருங்க." நாம் உடனே போனோம், ஓதினோம், தண்ணீரில் ஊதிக் குடிக்கக் கொடுத்தோம். அவர் இருமினார். "கலிமா சொல்லுங்க பாய்" என்றோம். தெளிவாகச் சொன்னார். வீட்டில் இருந்த அத்தனை பேர் முகத்திலும் நிம்மதி பரவியது. கலிமா சொல்கிறார், பேச்சு நன்றாக இருக்கிறது, இரத்த அழுத்தம் ஏறியிருக்கும், மாத்திரை போட்டுப் படுக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

எட்டு மணிக்கு அவருக்குப் பேச்சு முற்றிலும் நின்றது. ஆட்டோவில் அருகிலிருந்த சிறிய மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே சி.டி. ஸ்கேன் கருவி இல்லை. குளுக்கோஸ் ஏற்றினார்கள். பத்தரை மணிக்குப் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலைக் கடந்து அங்கே போய்ச் சேர்ந்தபோது பதினொன்றைத் தாண்டிவிட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்பதே. நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தஸ்பீஹ் மணி விழுந்த நேரம் ஏறத்தாழ ஐந்தே முக்கால். அடைப்பைக் கரைக்கும் ஊசி போடும் காலம் கடந்துவிட்டது என்றார் அவர்.

அல்லாஹ்வின் அருளால் அந்தப் பெரியவர் உயிரோடு இருக்கிறார். நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். ஆனால் பேரப்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதச் சொல்லிக்கொடுத்த நாவு இன்று இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் போவதில்லை. இதை எழுதுவது எந்த மருத்துவமனையையும் குறை சொல்வதற்காக அன்று. முதல் இரண்டரை மணி நேரம் எவருடைய கையிலும் இல்லை. நம் கையில்தான் இருந்தது. அதை நாம் வீணாக்கினோம். அந்தத் தவறு இன்னொரு வீட்டில் நிகழக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

ஒவ்வொரு நிமிடமும் என்ன நடக்கிறது?

பக்கவாதத்தை நம் மக்கள் "வாதம் அடித்தது", "கை கால் விழுந்துவிட்டது" என்று கையையும் காலையும் சேர்ந்த நோயாகவே பேசுகிறார்கள். நோய் கையில் இல்லை, மூளையில் இருக்கிறது. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ இது நேர்கிறது. பெரும்பாலானவை அடைப்பினால் வருபவை.

பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 இலட்சம் மூளை நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இறந்த நரம்பணு திரும்ப முளைப்பதில்லை. எனவே "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று நாம் காத்திருக்கும் பத்து நிமிடம் ஒரு மனிதரின் பேச்சாக இருக்கலாம், நடையாக இருக்கலாம், தன் கையால் தான் உளூச் செய்யும் ஆற்றலாக இருக்கலாம்.

அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்து உண்டு. அல்டிப்ளேஸ், டெனெக்டிப்ளேஸ் என்பவை அதன் பெயர்கள். பொதுவாக, நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் அதைச் செலுத்த வேண்டும். அந்த எல்லைக்குள்ளும் முதல் மணியில் கொடுப்பதற்கும் நான்காம் மணியில் கொடுப்பதற்கும் பலனில் பெரிய வேறுபாடு உண்டு. பெரிய குழாயில் அடைப்பு இருந்தால், மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்தி இரத்தக் கட்டியை நேரடியாக எடுக்கும் சிகிச்சையும் இருக்கிறது. அதை வழக்கமாக ஆறு மணி நேரத்துக்குள் செய்கிறார்கள். தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை செய்ய முடிகிறது. ஆகவே நேரம் கடந்துவிட்டது என்று வீட்டிலேயே முடிவு செய்து படுக்கவைத்துவிடுவதும் தவறு.

இவ்வளவுக்கும் முன்பு சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அடைப்பா, இரத்தக் கசிவா என்பது வெளியிலிருந்து பார்த்தால் எந்த மருத்துவருக்கும் உறுதியாகத் தெரியாது. கசிவு உள்ளவருக்குக் கரைக்கும் மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்கேன் கருவி இல்லாத இடத்தில் கழிக்கும் நேரம் இதனால்தான் வீணாகிறது.

கலிமா சொன்னார் என்பது போதாது

உலகெங்கும் கற்பிக்கப்படும் அடையாளங்கள் மூன்று. பற்கள் தெரியச் சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் தொங்குகிறதா? தக்பீருக்கு உயர்த்துவது போல இரு கைகளையும் உயர்த்தி அப்படியே நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு கை கீழே இறங்குகிறதா? பேசச் சொல்லுங்கள், குழறுகிறதா, பொருத்தமில்லாத சொற்கள் வருகின்றனவா? இவற்றுள் ஒன்று திடீரென்று தோன்றினாலும் அது பக்கவாதம் என்றே கொண்டு செயல்பட வேண்டும். திடீரென நடை தள்ளாடுவது, ஒரு கண்ணிலோ ஒரு பக்கத்திலோ பார்வை மறைவது, இதுவரை கண்டிராத கடும் தலைவலி வருவது ஆகியவையும் எச்சரிக்கைகளே.

இங்கே நம் வீடுகளுக்கு மட்டும் உரிய ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். யாராவது மயங்கினால் நாம் முதலில் செய்வது கலிமா சொல்லச் சொல்வது. அது நம் ஈமானின் பழக்கம், நல்ல பழக்கம். ஆனால் அதைப் பேச்சுக்கான சோதனையாகக் கொள்ளக் கூடாது. சிறுவயது முதல் ஆயிரமாயிரம் முறை ஓதிப் பழகிய சொற்களும், ஒன்று இரண்டு என்று எண்ணுவதும், மூளையின் பேச்சுப் பகுதி பழுதுபட்ட பின்னரும் சிலருக்குத் தடையின்றி வரும். அவரால் கலிமா சொல்ல முடியும்; ஆனால் "நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அன்று அந்தப் பெரியவர் விஷயத்தில் நாம் ஏமாந்தது இங்கேதான். ஆகவே மனப்பாடமாக வராத ஒன்றைக் கேளுங்கள். இன்று என்ன கிழமை, எதிரில் நிற்பவர் யார், இந்தப் பொருளின் பெயர் என்ன என்று கேளுங்கள்.

அறிகுறி சில நிமிடங்களில் தானாக மறைந்துவிடுவதும் உண்டு. "ஓதிய உடனே சரியாகிவிட்டது" என்று நாம் மகிழ்ந்து விட்டுவிடுகிறோம். அடுத்த சில நாட்களில் வரக்கூடிய பெரிய பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக அது இருக்கலாம். மறைந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியதும் விட வேண்டியதும்

முதலாவது, நேரத்தைக் குறித்துக்கொள்வது. எப்போது கண்டோம் என்பதைவிட, அவர் கடைசியாக நன்றாக இருந்தது எப்போது என்பதே மருத்துவருக்குத் தேவை. தூங்கி எழும்போதே அறிகுறி இருந்தால், தூங்கப் போன நேரத்திலிருந்துதான் பொதுவாகக் கணக்கிடுவார்கள். நம்மிடம் இதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. ஐவேளைத் தொழுகை நம் நாளைப் பகுத்து வைத்திருக்கிறது. "இஷா தொழுதபோது நன்றாகப் பேசினார்", "லுஹருக்கு நடந்து போனார்" என்று நம் வீட்டார் எவராலும் சொல்ல முடியும். அதைச் சொன்னால் போதும்.

இரண்டாவது, 108ஐ அழைப்பது. 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய இச்சேவைக்குக் கட்டணம் கிடையாது. வண்டியில் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் இருக்கிறார், ஆக்சிஜன் இருக்கிறது. "மயக்கம்" என்று பொதுவாகச் சொல்லாமல், "பக்கவாதம் போல இருக்கிறது, இத்தனை மணிக்குத் தொடங்கியது" என்று சொல்லுங்கள். எந்தப் பள்ளிவாசலுக்கு அருகில் என்று அடையாளம் கூறுங்கள். ஓர் இளைஞரைத் தெருமுனையில் நிறுத்துங்கள். வண்டி வரத் தாமதமாகும் என்று தெரிந்தால் கிடைக்கும் காரில் ஏற்றிச் செல்லுங்கள்.

மூன்றாவது, வாய் வழியாக எதுவும் கொடுக்காமல் இருப்பது. தண்ணீர், தேநீர், தேன், ஸம்ஸம், ஓதி ஊதிய நீர் எதுவுமே கூடாது. விழுங்கும் ஆற்றல் குன்றியிருந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலைக் கெடுக்கும். அன்று அவர் இருமியது அதனால்தான் என்பதைப் பின்னர் அறிந்து நாம் வருந்தினோம். ஓதுவதற்கு நீர் தேவையில்லை. நோயாளியின் மீது கை வைத்து ஓதுங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஓதுங்கள். ஷிஃபா தருபவன் அல்லாஹ்வே. ஆனால் ஓதி முடியும் வரை வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள்.

நான்காவது, நாமாக மருத்துவம் செய்யாமல் இருப்பது. இரத்த அழுத்த மாத்திரையை நாக்கின் அடியில் வைத்து அழுத்தத்தைத் திடீரென இறக்கினால், ஏற்கெனவே இரத்தமின்றித் தவிக்கும் மூளைப் பகுதிக்கு இன்னும் குறைவாகவே இரத்தம் போகும். மாரடைப்புக்குக் கொடுக்கும் ஆஸ்பிரின் வகை மாத்திரைகளை ஸ்கேனுக்கு முன் கொடுக்கக் கூடாது. கசிவாக இருந்தால் அவை கேடு செய்யும். புறா இரத்தம் தடவுவது, விரல் நுனியைக் குத்துவது ஆகியவற்றால் நேரம் போவதைத் தவிர எப்பயனும் இல்லை. சர்க்கரை நோயாளியாக இருந்து, வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவியும் இருந்தால் உடனே பாருங்கள். சர்க்கரை மிகவும் இறங்கினாலும் பக்கவாதம் போலவே தோன்றும். வாந்தி எடுத்தாலோ நினைவிழந்தாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பது மருத்துவருக்கு மிகவும் முக்கியமானது.

தொழுகையை விடவும் முந்தும் கடமை

"எல்லாம் தக்தீர், நடப்பது நடக்கும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தக்தீரை நம்புவது ஈமானின் அங்கம். அதைச் சோம்பலுக்குச் சான்றாக்குவது ஈமான் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்பதை நம் மதரஸாக்களில் ஆறு வயதுக் குழந்தையும் அறியும். நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருப்பதையும் நாம் அறிவோம். 108ஐ அழைப்பதும் ஒட்டகத்தைக் கட்டும் செயலே.

ஷரீஅத்தின் நோக்கங்களை வகுத்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்), இமாம் ஷாதிபி (ரஹ்) போன்றோர் உயிரைக் காப்பதை அதன் ஐந்து அடிப்படைகளுள் ஒன்றாக வைத்தார்கள். ஹிஜ்ரி 660இல் மறைந்த ஷாஃபிஈ மேதை இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) தம் 'கவாஇதுல் அஹ்காம்' நூலில், நீரில் மூழ்குபவரைக் காப்பாற்றுவதைத் தொழுகையை நிறைவேற்றுவதற்கு முன்னால் வைக்கிறார்கள். அவர்கள் கூறும் காரணம் எளிமையானது: தொழுகையைப் பின்னர் களாச் செய்யலாம், போன உயிரைக் களாச் செய்ய இயலாது. நோன்பை முறித்தால்தான் அவரைக் காப்பாற்ற முடியும் என்றால் நோன்பையும் முறிக்க வேண்டும் என்கிறார்கள். ஆபத்தில் இருப்பவருக்காகத் தொழுகையை இடையில் முறிப்பதை ஹனஃபீ சட்டநூல்களும் கடமையாகச் சொல்கின்றன.

ஸஃபில் நம் அருகில் நிற்பவரின் கை திடீரென்று விழுந்தால், அவர் நீரில் மூழ்குபவரே. ஸலாம் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதை ஜும்ஆ மேடையில் சொல்லாத வரையில் மக்கள் தயங்குவார்கள். எனவே ஆலிம்களாகிய நாம் இதைச் சொல்லியாக வேண்டும்.

வீட்டிலிருக்கும் பெண்கள் பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் பெரும்பாலான வீடுகளில் முதியவர்களோடு இருப்பவர்கள் மருமகளும் பிள்ளைகளும்தான். ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள் அல்லது வளைகுடாவில் இருப்பார்கள். "அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு" என்று தொலைபேசியில் முயன்றுகொண்டே அரை மணி நேரம் போகிறது. குடும்பத் தலைவர்களே! "இப்படி நேர்ந்தால் என்னிடம் கேட்க வேண்டாம், முதலில் 108ஐ அழை, பிறகு எனக்குச் சொல்" என்று இன்றே வீட்டில் சொல்லிவையுங்கள். மாமியாருக்கு நோய் வந்து, உதவிக்கு வந்தவர் அந்நிய ஆணாக இருக்கிறாரே என்றும் தயங்க வேண்டாம். நிர்ப்பந்த நிலையில் சிகிச்சைக்குத் தேவையான அளவுக்கு மார்க்கம் இடமளித்திருக்கிறது.

ஜனாஸாவுக்கு இருக்கும் ஒழுங்கு

நம் சமுதாயத்தின் சிறப்புகளில் ஒன்று ஜனாஸா ஏற்பாடு. ஒருவர் மறைந்தார் என்ற செய்தி வந்தவுடன் யார் குளிப்பாட்டுவது, கஃபன் துணி எங்கே இருக்கிறது, சந்தூக்கை யார் கொண்டு வருவது, குழி வெட்ட யாரிடம் சொல்வது என்பதெல்லாம் எவரும் சொல்லாமலே நடக்கின்றன. கொரோனா காலத்தில், சொந்த உறவுகளே நெருங்க அஞ்சிய உடல்களை எந்த மதத்தவர் என்று பாராமல் அடக்கம் செய்து கொடுத்த இளைஞர்கள் நம் ஜமாஅத்துகளில் இருந்தார்கள். இத்தனை ஒழுங்கும் எங்கிருந்து வந்தது? ஜனாஸாவை ஃபர்ளு கிஃபாயா என்று நாம் அறிந்திருக்கிறோம். சிலர் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளியாகும் என்ற அச்சம் நம்மிடம் இருக்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் கல்வி பற்றிய பகுதியில் மருத்துவத்தையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்திருக்கிறார்கள். எல்லோரும் சட்டக்கலை படிக்க விரைந்து, ஊரில் முஸ்லிம் மருத்துவர் இல்லாத நிலையை உண்டாக்கியதற்காகத் தம் காலத்து மக்களைக் கண்டிக்கவும் செய்கிறார்கள். இறந்தவரை அடக்குவதற்கு இவ்வளவு ஆயத்தமாக இருக்கும் மஹல்லா, உயிருக்குப் போராடுபவரைக் கொண்டு சேர்ப்பதற்கு ஏன் ஆயத்தமாக இல்லை? அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தை நாம் எத்தனை மேடைகளில் ஓதியிருப்போம்! அது மேடைக்கு மட்டும் உரிய வசனமா?

பள்ளிவாசல் நிர்வாகங்கள் செய்யக்கூடியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல.

பெருங்களத்தூரிலிருந்து வடக்கே தாம்பரம், குரோம்பேட்டை வரையிலும், தெற்கே வண்டலூர் வழியாகச் செங்கல்பட்டு வரையிலும் உள்ள மருத்துவமனைகளுக்கு நிர்வாகிகள் இருவர் நேரில் சென்று வரட்டும். மூன்று கேள்விகள் போதும்: இரவும் பகலும் சி.டி. ஸ்கேன் இயங்குகிறதா? அடைப்பைக் கரைக்கும் ஊசி போடுகிறீர்களா? நரம்பியல் மருத்துவர் அழைத்தால் வருவாரா? மூன்றுக்கும் ஆம் என்று சொன்னவற்றின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி, தொழுகை நேரப் பலகைக்குப் பக்கத்தில் தொங்கவிடட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் கேட்டுத் திருத்தட்டும். அருகில் இருப்பது என்பதற்காக ஒரு மருத்துவமனைக்குப் போவதும், இந்த நோயைப் பார்க்கக்கூடியது என்பதற்காகப் போவதும் வேறு வேறு. அன்று நமக்கு இது தெரிந்திருக்கவில்லை.

இரயில் பாதை நம் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. பண்டிகைக் காலங்களில் தென்மாவட்டங்களுக்குச் செல்லும் வாகனங்களால் ஜி.எஸ்.டி. சாலை நிறைந்துவிடுகிறது. எந்த வேளையில் எந்தத் திசை விரைவானது என்பதை நம் மஹல்லாவின் ஆட்டோ ஓட்டுநர்களைவிட நன்கு அறிந்தவர் இல்லை. அவர்களையும் இந்த ஏற்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பைத்துல்மாலில் ஒரு சிறு தொகையை இதற்கென ஒதுக்கி வையுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. தனியார் மருத்துவமனைக்கே போக நேர்ந்தால், முன்பணம் புரட்டுவதற்காக உறவினர்களை அழைத்துக்கொண்டிருக்கும் நேரம் நோயாளியின் நேரம். அந்தப் பணத்தைப் பிறகு திருப்பி வாங்கிக்கொள்ளலாம். ஒப்புதல் கையொப்பம் இடக்கூடிய ஒருவர் கட்டாயம் உடன் செல்ல வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

பக்கவாதத்தின் முதல் காரணம் இரத்த அழுத்தம். ரமளானில் "நோன்பு வைத்திருக்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் நம்மில் பலர். மருத்துவரிடம் கேட்டால் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்றபடி மாற்றிக் கொடுப்பார். நிறுத்துவதற்கு யாரும் ஃபத்வா கொடுக்கவில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அதைப் பெற்றுக்கொள்ளத் தகுதியுள்ள முதியவர்களை நிர்வாகம் பதிவு செய்து கொடுக்கலாம்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியது

வீடு மட்டும் விரைந்தால் போதாது. பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது. 1998இல் அங்கே நோயாளி வாசலில் நுழைந்தது முதல் ஊசி போடுவதற்குச் சராசரியாக 105 நிமிடம் ஆனது. 2011இல் அது 20 நிமிடமாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் கண்டுபிடித்து அவர்கள் இதைச் சாதிக்கவில்லை. அவசர ஊர்தியிலிருந்தே மருத்துவமனைக்குச் செய்தி சொல்லிவிடுவது, நோயாளியின் விவரங்களை முன்னதாகவே பெற்றுவிடுவது, ஊர்தியின் தள்ளுபடுக்கையிலேயே நேராக ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோவது என்று வாசலுக்கு வெளியே நடப்பதைத்தான் மாற்றினார்கள். பின்னர் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலும் அதே முறையைப் பின்பற்றி நேரத்தைக் குறைத்தார்கள்.

ஸ்கேன் கருவியையே வண்டியில் ஏற்றி நோயாளியிடம் கொண்டுபோகும் முறையை 2008இல் ஜெர்மனியில் தொடங்கினார்கள். நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அசாமின் திப்ருகர் பகுதியில் அத்தகைய வண்டியை இயக்கிக் காட்டியிருக்கிறது. அது எல்லா இடத்துக்கும் உடனே வரும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. ஆனால் முன்கூட்டியே ஒரு தொலைபேசி அழைப்பு என்பது எந்த ஊருக்கும் எட்டாத செலவன்று.

தமிழ்நாடு அரசுக்கு இந்த வழி புதிதல்ல. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காக 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்தது. அதற்கென அரசு, தனியார் மருத்துவமனைகளைப் பட்டியலிட்டார்கள். மாரடைப்புக்கு 2023இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் கிடைக்கின்றன. பக்கவாதத்துக்கு அப்படி மாத்திரை கொடுத்து அனுப்ப முடியாது. ஸ்கேன் உள்ள இடத்துக்கு நேராகக் கொண்டுபோவதே அதற்குரிய முதலுதவி. எனவே பக்கவாதத்தைப் பார்க்கக்கூடிய மருத்துவமனைகளின் பட்டியல் பகுதிவாரியாக மக்களுக்குத் தெரியும்படி அறிவிக்கப்பட வேண்டும். 108 ஊர்தி ஒவ்வொரு முறையும் புறப்படும்போதே மருத்துவமனைக்குச் செய்தி சொல்ல வேண்டும். 2021இல் பெருங்களத்தூர் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. நம் மாமன்ற உறுப்பினர்களிடம் சாலைக்கும் குடிநீருக்கும் மனு கொடுக்கும் நாம், இதற்கும் ஒரு மனு கொடுப்போம். கோயில், தேவாலய நிர்வாகத்தினரையும் நம்மோடு அழைத்துச் செல்வோம். நரம்பணு அழிவதில் மத வேறுபாடு இல்லை.

பிள்ளைகளிடமிருந்து தொடங்குவோம்

"பள்ளிவாசலில் இதெல்லாம் எதற்கு? மார்க்கத்தைச் சொல்லுங்கள்" என்று சிலர் கேட்கக்கூடும். உயிரைக் காப்பது மார்க்கத்துக்கு வெளியே இருந்தால் அக்கேள்வி சரிதான். அது மார்க்கத்தின் அடிப்படைகளுள் ஒன்று என்பதை மேலே கண்டோம்.

நாம் பாடம் நடத்தும் மாலை மதரஸாவில் அந்த நிகழ்வுக்குப் பிறகு ஒரு சிறு மாற்றம் செய்தோம். மாதத்தில் ஒரு நாள், பாடம் முடியும் முன்பு ஐந்து நிமிடம். ஒரு பிள்ளை நோயாளியாக நடிக்கும். மற்றவர்கள் சிரிக்கச் சொல்வார்கள், கைகளைத் தூக்கச் சொல்வார்கள், கிழமையைக் கேட்பார்கள். பிறகு ஒருவர் 108ஐ அழைப்பது போல நடித்து முகவரி சொல்வார். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டியிருக்கிறது: சிரிப்பு, கை, பேச்சு, நேரம், 108. தாத்தாவோடும் பாட்டியோடும் பகல் முழுதும் இருப்பவர்கள் அவர்கள்தாம். பெரியவர்கள் தயங்கும் இடத்தில் பிள்ளைகள் தயங்குவதில்லை.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர், முதல் ஸஃபில் தஸ்பீஹ் மணியைத் தவறவிட்ட பெரியவரின் பேரன். பாடம் நடந்த நாளில் அவர் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், இது அப்பவே நமக்குத் தெரிஞ்சிருந்தா எங்க தாத்தா பேசியிருப்பாங்களா?" உறுதியாக ஆம் என்று நாம் சொல்லவில்லை, முடிவு அல்லாஹ்விடம் இருக்கிறது. ஆனால் நாம் செய்திருக்க வேண்டியதைச் செய்யவில்லை என்பதை மட்டும் அவரிடம் ஒப்புக்கொண்டோம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த ஜும்ஆவுக்கு முன் ஒவ்வொரு ஜமாஅத்தும் அந்த மூன்று கேள்விகளோடு ஒரு மருத்துவமனைக்கேனும் சென்று வரட்டும். ஒவ்வொரு வீடும் இன்றிரவே ஒரு தாளை ஒட்டட்டும். நம் முதியவர்களின் நாவையும் கையையும் அல்லாஹ் காப்பானாக! நம்மிடம் அமானத்தாகத் தரப்பட்ட நேரத்தை வீணாக்காதவர்களாக நம் அனைவரையும் ஆக்குவானாக! ஆமீன்.